2147483647: இந்த எண்ணைத் தொட்டதும் கடிகாரம் 1901-க்குப் போகுமா?
214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பார்க்க சாதாரண எண்தான். ஆனா இது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண். 31 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். இப்படி வரும் பகா எண்களுக்கு 'மெர்சென் பகா எண்' என்று பெயர். அந்த வரிசையில் இது 8-வது. இது பகா எண்தான் என்று 1772-ல் நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர்.

சரி, இன்னைக்கு இது ஏன் முக்கியம்? கூட்டல், கழித்தல் குறியுள்ள முழு எண்ணை 32 பிட்டில் சேமித்தால், உச்ச வரம்பு இதுதான். பழைய கணினிகள் பலவும் 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளை இப்படித்தான் எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8.44-க்கு அந்த வரம்பு முடியும். அடுத்த விநாடியே தேதி 1901 டிசம்பருக்குத் தாவிவிடலாம். 64 பிட்டுக்கு மாறிய கருவிகளுக்குக் கவலையில்லை. மாறாதவை அதற்குள் மாறியே ஆகணும்.