கரையும் வளவும்: கீழ்கரைக் குடியிருப்பு நெருக்கம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஓர் ஊரில் வீடுகள் நெருங்கி அமைதல் வேண்டுமா, விலகி அமைதல் வேண்டுமா என்பது கட்டடக் கலைஞர் மட்டுமே தீர்க்கத்தக்க வினாவன்று. காணி எவருடையது, அதனைப் பகுக்கும் உரிமை எவர்க்குண்டு, எல்லைக்கோட்டை வரைபவர் யாவர் என்னும் வினாக்களும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் நேர்ந்த கடற்கோளின் பின்னர் இலங்கையின் கீழ்கரையில் எழுந்த விவாதம் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். கதிரவெளி முதல் கல்முனைப் பகுதி ஈறாகவுள்ள கரையை நிலைக்களனாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

குடியிருப்புக்களைச் சட்டத்தால் வரையறுக்கும் தற்கால முறை ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நாட்டிலே வேரூன்றிற்று. 1915 ஆம் ஆண்டில் வீடமைப்பு, நகரச் சீர்திருத்தம் பற்றிய கட்டளைச்சட்டமும், 1946 இல் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச்சட்டமும் தோன்றின. இவற்றுக்கிடையே, 1921 இல், பற்றிக் கெடிஸ் என்னும் அறிஞர் கொழும்பு நகருக்கு ஒரு திட்டம் வகுத்தார். பழைய தெருக்களை இடித்தொழித்தல் கூடாது, இன்றியமையாத சிறு பகுதியை மட்டும் நீக்கி எஞ்சியவற்றைப் பேணுதல் வேண்டும் என்பது, அவர் முன்னரே தமிழகத்து நகரங்களை ஆராய்ந்தபோது வற்புறுத்திய கொள்கையாகும். மக்கள் ஏன் அவ்வாறு வாழ்கின்றனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும் என்பதே அக்கொள்கையின் உயிர்நாடி.

அவ்வினாவை மட்டக்களப்புத் தேசத்தை நோக்கி எழுப்பின், கிடைக்கும் விடை சிறப்புடையது. இங்கு வீடுகள் நெருங்கியதற்குப் பெருங் காரணமாய் அமைந்தது தாய்வழி மரபாகும். மணமகன் மனைவியின் இல்லம் புகுதல் இந்நாட்டு வழக்கு. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகும். மூத்தவளுக்கு வீட்டை ஈந்த பெற்றோர், அவ்வளவிலோ அதனை அடுத்தோ வேறொரு வீடமைத்து இளையவளுடன் வாழ்வர். காலம் வருங்கால் அதுவும் அவளுக்குரியதாகும். இவ்வாறு ஒரு வளவு, தலைமுறைதோறும் பல வளவுகளாய்ப் பகுக்கப்படும். தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இம்முறை ஒருங்கே நிலவுகின்றது. வெளியார் கண்ணுக்கு வெறும் நெரிசலாய்த் தோன்றுவது, உள்ளிருப்போர்க்குச் சகோதரிகளின் அயலாகும்.

இத்தகைய கரை மீதே 2005 இல் எல்லைக்கோடு வரையப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் தடைவலயம் என அரசாங்கம் அறிவித்தது. வலயத்துக்கு வெளியே முற்றாய் அழிந்த வீட்டை மீளக் கட்ட 250,000 ரூபா உதவி விதிக்கப்பட்டது. உள்ளே வீடிழந்தோர்க்கு வேறிடத்தில் வீடு தருவதாகக் கூறப்பட்டது.

விவாதம் இரு தரப்பிலும் வலிமையுடையது. நாடெங்கும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட கடலின் அருகே மீண்டும் குடியேற்றுதல் பேதைமை என்றனர் ஒரு சாரார். மற்றையோரோ, வடக்குக்கும் கிழக்குக்கும் மட்டும் இருமடங்கு அளவு ஏன் என வினவினர். மீனவன் வெளியேற வேண்டிய வலயத்தில் உல்லாச விடுதிகளுக்குச் சலுகை அளித்தல் எவ்வாறு முறையாகும் எனவும் கேட்டனர். இவ்வினாக்களை எளிதில் ஒதுக்குதல் இயலாது.

இவ்விவாதத்தின் கடினமான முடிச்சு நிலப்பற்றாக்குறையாகும். காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் கடலுக்கும் உட்புற நீர்நிலை, வயல்களுக்கும் இடைப்பட்ட நிலம் ஒடுங்கியது. அங்கே 200 மீற்றரை விலக்கின், விலக்கப்பட்டோரை ஏற்கெனவே நெருங்கிய உட்பகுதியே தாங்குதல் வேண்டும். அன்றேல் அவர்கள் ஊரையே துறத்தல் வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடி மக்கள் பலர் திராய்மடுவிற் குடியமர்த்தப்பட்டனர். ஆகவே கரையில் வரையப்பட்ட கோடு நெருக்கத்தை ஒழிக்கவில்லை. அதனை இடம் பெயர்த்தது.

பிறிதொரு கேடும் விளைந்தது. புதிய வீடுகளை வழங்குங்கால் 'குடும்பத் தலைவர்' என்னும் சொல்லையே அதிகாரிகள் அளவுகோலாகக் கொண்டனர். தாயின் பெயரிலும் மகளின் பெயரிலும் வழங்கிவந்த வீட்டுரிமை, இதனாற் பலவிடத்துக் கணவனின் பெயருக்கு மாறிற்று. பெண்ணின் சீதனத்தைக் கடல் ஒருமுறை கொண்டது. கடுதாசி மறுமுறை கொண்டது எனின் மிகையாகாது.

கதிரவெளியின் நிலையோ வேறு. கோறளைப்பற்று வடக்கில், வெருகலாற்றுக்குத் தெற்கே அமைந்த இவ்வூர், பெருங்கற்காலச் சின்னங்களால் தன் தொன்மையை உணர்த்துவது. மருதமுனையைப் போல் நெருங்கியதன்று, பின்புறத்தே நிலமுண்டு. எனினும் கடலும் வயலும் இரண்டும் வேண்டிய மக்களுக்கு, கரையிலிருந்து எத்துணைத் தொலைவு என்பது வயிற்றுப் பிரச்சினையாகும். அவ்வினா அமைதியாக ஆராயப்படுமுன் போர் குறுக்கிட்டது. 2006 கார்த்திகை 8 ஆம் நாள், இங்குள்ள பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்தோர் பலர் எறிகணை வீச்சில் மாண்டனர். 2007 தை மாதத்தில் வாகரைப் பகுதி இராணுவத்தின் வசமாயிற்று. இடம்பெயர்ந்தோர் அவ்வாண்டிலேயே மீளத் தொடங்கினர். கடலால் ஒருமுறையும் போரால் மறுமுறையும் இழந்த வளவுக்கு அவர்கள் திரும்பினர்.

இதற்கிடையே 200 மீற்றர் விதி நெகிழ்த்தப்பட்டது. இடத்துக்கிடம் வேறுபடும் தூரங்கள் ஏற்கப்பட்டன. பொதுமக்கள் எழுப்பிய வினாக்கள் வீண்போகவில்லை என்பதற்கு இதுவே சான்று. எனினும் அம்மாற்றம் வருமுன்னரே பலர் தம் அயலைத் துறந்திருந்தனர்.

இவ்வரலாறு புகட்டும் பாடம் யாது? நெருக்கம் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அதனை ஆக்கியோர் யார் என்பதே ஆராயத்தக்கது. தாய் தன் மகளுக்கென வளவைப் பகுத்தபோது உண்டான நெருக்கத்தில் உறவு வாழ்ந்தது. வரைபடத்தின் மீது கோல் வைத்துப் பகுத்தபோது உண்டான நெருக்கத்தில் உறவு சிதைந்தது. கடலின் தூரத்தை அளக்கப் புகுவோர், வளவின் உறுதி எவர் பெயரில் உள்ளது என்பதையும் முதற்கண் கேட்டறிதல் வேண்டும்.