வயலோரப் பூக்களும் குவாம் தீவுப் பாம்பும்

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஹில்ஸ்டன் என்ற பண்ணை இருக்கிறது. ஏறக்குறைய 1000 ஹெக்டேர் பரப்பில் கோதுமை, எண்ணெய்க் கடுகு, அவரை என்று மாற்றி மாற்றிப் பயிரிடும் வணிகப் பண்ணை அது. பசிபிக் பெருங்கடலில் அமெரிக்காவின் கையில் இருக்கும் குவாம் தீவின் பரப்பு சுமார் 540 சதுர கிலோமீட்டர். விளைநிலத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தால் எந்த உயிர்களெல்லாம் வரும் என்பது ஹில்ஸ்டனில் கேட்ட கேள்வி. அழையாமல் வந்த ஒரு பாம்பால் எந்த உயிர்களெல்லாம் போயின என்பது குவாமில் கேட்டது. கேள்விகள் எதிரெதிரானவை. என்னை ஈர்ப்பது விடை கண்ட வழிகளில் உள்ள வேறுபாடு.

ஹில்ஸ்டனில் மாற்றம் வருமுன்பே அதை அளக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. ரிச்சர்ட் பைவெல்லும் அவருடைய சகாக்களும் நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்தார்கள். சிலவற்றில் வழக்கம்போல முழுக்கப் பயிர். சிலவற்றில் 3 சதவீத நிலத்தையும் வேறு சிலவற்றில் 8 சதவீத நிலத்தையும் பூச்செடிகளுக்கும் புல்லுக்கும் பறவைகள் கொத்தித் தின்னும் விதைச் செடிகளுக்கும் ஒதுக்கினார்கள். எந்தப் பகுதிக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். விட்டுக்கொடுத்ததும் பெரும்பாலும் வயலோரம்தான். அங்கே எப்படியும் விளைச்சல் குறைவு என்பது எந்த விவசாயிக்கும் தெரியும்.

ஆறாண்டு அறுவடைக் கணக்கு 2015இல் வெளியானது. நிலம் குறைந்தும் மொத்த விளைச்சல் குறையவில்லை. மகரந்தச் சேர்க்கைக்குப் பூச்சிகளை நம்பும் அவரையில் அது கூடியும் இருந்தது. ஆனால் இந்தப் பலன் தெளிவாகத் தெரிய நான்கு ஆண்டுகள் பிடித்தன. இரண்டு ஆண்டு நிதியோடு முடிந்திருந்தால், பூ விதைத்தது வீண் என்றுதான் அறிக்கை எழுதியிருப்பார்கள்.

குவாமில் அளக்க யாருமே இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள், பப்புவா நியூ கினியைச் சேர்ந்த அட்மிரால்டி தீவுகளிலிருந்து வந்த இராணுவச் சரக்கோடு பழுப்பு மரப்பாம்பு கரையேறியது. நம் ஊர்ப் பூனைப் பாம்பின் பேரினத்தைச் சேர்ந்தது, இரவில் மரமேறி இரை தேடுவது. பாம்பையே அறியாத காட்டுப் பறவைகள் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வோர் இடமாக மறைந்தன. 1980களில் வடகோடிக் காட்டில்தான் அவற்றின் மிச்சம் இருந்தது. பூச்சிக்கொல்லி, நோய், வேட்டை என்று பலவற்றின் மேலும் சந்தேகம் விழுந்தது. பாம்பைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஒரு பாம்பு ஒரு தீவின் பறவைகளையே துடைத்துவிடும் என்பதற்கு அதுவரை முன்னுதாரணம் கிடையாது.

ஜூலி சாவிட்ஜ் என்ற ஆய்வாளர் துப்பறிவாளர் வேலைதான் பார்த்தார். பழைய பதிவுகளைத் தேடினார். எந்த ஊரில் பாம்பு எப்போது தலைகாட்டியது, பறவைகள் எப்போது காணாமல் போயின என்று ஒப்பிட்டார். கூண்டில் காடைகளை வைத்து, எங்கே பாம்பு அவற்றைப் பிடிக்கிறது என்று பார்த்தார். மற்றச் சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கழித்தார். 1987இல் கட்டுரை வந்தபோது வழக்கு முடிந்தது, ஆனால் காப்பாற்ற அதிகம் மிச்சமில்லை.

ஹில்ஸ்டனின் குலுக்கல் குவாமுக்கு வாய்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அதற்குக் கிடைத்தவை பாம்பு பரவாத பக்கத்துத் தீவுகளான ரோட்டா, டினியன், சைபன். மழைக்காலத்தில் குவாம் காடுகளில் அத்தீவுகளைவிட 40 மடங்கு வரை சிலந்திகள் இருப்பதாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. பூச்சியையும் சிலந்தியையும் தின்னும் பறவை போனதன் கணக்கு அது. பழம் தின்று விதை பரப்பப் பறவை இல்லாததால் சில மரங்களின் கன்றுகளும் அருகிவிட்டன. இரை தீர்ந்தால் பாம்பும் ஒழியும் என்று எதிர்பார்க்கலாம். அதுவும் நடக்கவில்லை. வெளியிலிருந்து வந்து பெருகிய அரணை வகை ஒன்று அதற்குத் தொடர்ந்து தீனியாகிறது.

ஹில்ஸ்டன் முடிவைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கும் பொருத்த முடியாது. அது ஒரே பண்ணை, வசதியான பண்ணை. பறவைகளும் வேலி பார்த்துப் பறப்பதில்லை. ஒரு பகுதியில் பெருகியவை அடுத்த பகுதிக்கும் போகும். ஆனாலும் சான்றின் உறுதி என்று பார்த்தால் என் வாக்கு ஹில்ஸ்டனுக்குத்தான். குவாமின் சான்று அதைவிட நெஞ்சைத் தொடுவது, அவ்வளவே.

இரண்டு இடத்திலும் சூழலியல் பேச்சு எடுபட்டது பணக்கணக்காக மாறிய பிறகுதான் என்று தோன்றுகிறது. ஹில்ஸ்டனை விவசாயிகள் திரும்பிப் பார்க்க வைத்தது பட்டாம்பூச்சி அல்ல, விளைச்சல் எண். குவாமில் அந்த வேலையைச் செய்தது மின்சாரம். மின்கம்பிகளில் ஏறிய பாம்புகளால் 1978 முதல் இருபது ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை மின்தடை ஏற்பட்டது. ஹவாய்க்கும் இதே கதி வந்துவிடும் என்ற பயம் அதோடு சேர்ந்தது. இன்று குவாமைவிட்டுப் புறப்படும் சரக்கை மோப்ப நாய்கள் சோதிக்கின்றன. 80 மில்லிகிராம் பாரசிட்டமால் வைத்த செத்த எலிகளை ஹெலிகாப்டரிலிருந்து காட்டில் போடுகிறார்கள். மனிதருக்குக் காய்ச்சல் தணிக்கும் அந்த மருந்து இந்தப் பாம்புக்கு நஞ்சு.

ஹில்ஸ்டனின் பூப்பட்டை பிடிக்காவிட்டால் அடுத்த பருவத்திலேயே உழுதுவிடலாம். குவாமில் அந்த வசதி இல்லை. காடுகளில் அற்றுப்போகுமுன் பிடித்துக் கூண்டில் பெருக்கிய குவாம் கானாங்கோழியை ரோட்டாவிலும், குவாமை அடுத்துள்ள சின்னஞ்சிறு கோகோஸ் தீவிலும் விட்டார்கள். அங்கே அவை நிலைபெற்றதால் 2019இல் 'இயற்கையில் அற்றுப்போனது' என்ற பட்டியலிலிருந்து அந்தப் பறவை வெளியே வந்தது. மறு ஆண்டே கோகோஸ் தீவிலும் பழுப்பு மரப்பாம்பு தென்பட்டது.