ஓய்வறியாப் பொறி

பழுதுபட்ட பொருளைக் கழிப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படுவதில்லை. உடைந்த குடத்தில் நீர் நில்லாது. அதனை வீசியெறியும் கை தயங்குவதும் இல்லை. ஆனால், இட்ட பணியை இன்றும் குறைவறச் செய்யும் ஒரு பொருள், தன்னினும் விரைவான மற்றொன்று வந்துவிட்ட காரணத்தால் பழையதாகி நிற்கும்போதுதான் மனிதனின் மதி சோதனைக்கு உள்ளாகிறது. வைத்திருப்பதா, மாற்றுவதா என்னும் கேள்வி எழுகிறது. கணிப்பொறிகளின் வரலாற்றில் இக்கேள்வி எழாத ஆண்டே இல்லை எனலாம். இங்கிலாந்து நாட்டின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1957ஆம் ஆண்டு இக்கேள்வி எழுந்த விதமும், அதற்குக் கிடைத்த விடையும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1946இல், பழைய விமானத்தளம் ஒன்றில் ஹார்வெல் நிலையம் தோற்றுவிக்கப்பட்டது. அணு உலைகளை வடிவமைப்போர்க்கு முடிவில்லாத கணக்குகள் தேவைப்பட்டன. அக்கணக்குகளை அந்நாளில் மனிதர்களே போட்டனர். கையால் சுற்றும் சிறு கணக்குப் பொறிகளின் முன் அமர்ந்து, எண்களைப் பதித்து, கைப்பிடியைச் சுற்றி, விடையைத் தாளில் எழுதி, அவ்விடையைக் கொண்டே அடுத்த கணக்கைத் தொடங்குவது அவர்தம் நாள்வேலை. அறிவுக்கு அதில் வேலை குறைவு. பொறுமைக்கோ வேலை மிகுதி. களைத்த கண் ஓர் எண்ணை மாற்றி எழுதினால், அதன் பின் வந்த பக்கங்கள் யாவும் பாழாகும்.

இச்சுமையைக் குறைக்கவே 1949இல் டெட் குக்-யார்பரோ, டிக் பார்ன்ஸ், கர்னி தாமஸ் என்னும் மூவர் ஒரு கணிப்பொறியைத் திட்டமிட்டனர். 1951இல் அது இயங்கத் தொடங்கியது. அவர்கள் அரிய பொருள்களைத் தேடி அலையவில்லை. தொலைபேசி நிலையங்களில் பயன்பட்டு வந்த ரிலேக்களில் 480ஐ எடுத்துக்கொண்டனர். எண்களைத் தாங்குவதற்கு டெக்காட்ரான் என்னும் கண்ணாடிக் குழாய்கள் 828 சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு குழாயினுள்ளும் பத்து முனைகள் வட்டமாய் அமைந்திருக்கும். சிறியதோர் ஒளிப்புள்ளி அவற்றுள் ஒன்றில் நின்று சுடரும். மின்துடிப்பு ஒன்று வந்தால் ஒளி ஓரிடம் நகரும். ஒளி நிற்கும் இடத்தைக் கண்டே, அக்குழாய் தாங்கும் எண் யாதெனக் கூறிவிடலாம். கட்டளைகள் துளையிட்ட காகித நாடா வழியே பொறிக்குள் சென்றன. இரண்டு மீட்டர் உயரமும் ஆறு மீட்டர் நீளமும் இரண்டரை டன் எடையும் கொண்டு, ஓர் அறையின் சுவர் போல அப்பொறி நின்றது.

இதன் வேகமோ அந்நாளிலேயே நகைப்புக்குரியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணிப்பொறி 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் தன் முதற் கணக்கைப் போட்டுவிட்டது. ஏறத்தாழ 3,000 வெற்றிடக் குழாய்களால் ஆன அப்பொறி, நொடிக்கு 650 கட்டளைகள் அளவில் நிறைவேற்ற வல்லது. ஹார்வெல் பொறிக்கோ ஒரு பெருக்கற் கணக்கை முடிக்க ஐந்து முதல் பத்து நொடிகள் ஆயின. பிறந்தபோதே முதுமை எய்திய பொறி என்று அதனை ஒருவர் இகழ்ந்திருந்தால், அதில் வியப்பில்லை.

ஆயினும், அதனை அமைத்தோர் அறியாமையால் அவ்வாறு செய்தாரல்லர். மெதுவான பொறி தன்னைக் காத்துக்கொள்ள ஒரே வழிதான் உண்டு. அது நிற்காமல் ஓட வேண்டும், அருகில் ஆள் இல்லாதபோதும் பிழையின்றி ஓட வேண்டும். இதனை அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். 1952ஆம் ஆண்டு மே மாதம் முதல் அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை அப்பொறி வாரத்திற்குச் சராசரியாக 80 மணி நேரம் உழைத்தது. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது கணக்கைக் கொடுத்துவிட்டு அனைவரும் வீடு சென்றனர். பத்து நாள்களுக்குப் பின் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, அது தன் போக்கில் டிக், டிக் என்று ஒலித்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

இப்பொறியோடு ஒரு மனிதர் போட்டியிட்ட நிகழ்ச்சியும் உண்டு. ஹார்வெலில் கைப்பொறியால் கணக்கிட்டு வந்த பார்ட் ஃபாசி, ஒரு நாள் இதன் அருகே அமர்ந்து, அதே கணக்கைத் தாமும் போடத் தொடங்கினார். ஏறத்தாழ அரைமணி நேரம் இருவரும் சமமாகவே சென்றனர். தம் ஆற்றல் முழுவதையும் செலவிட்ட ஃபாசி பின்னர் களைத்து விலகினார். பொறி அவரைத் திரும்பியும் பாராமல் மேலே சென்றது. மனிதனைவிட அது விரைவாகக் கணக்கிடவில்லை. மனிதனைப் போல் அது சோர்வடையவில்லை. அதன் பெருமை முழுவதும் இவ்வளவே. அந்நிலையத்தின் தேவைக்கு அன்று இதுவே போதுமானதாகவும் இருந்தது.

ஆனால், தேவை நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. அணு உலைகள் வளர வளர அவற்றின் கணக்குகளும் வளர்ந்தன. ஆண்டுக்கணக்கில் போட்டாலும் முடியாத கணக்குகள் மேசைமேல் குவிந்தன. பழைய பொறியோ பழுதாகவில்லை. 1951இல் எவ்வளவு வேலை செய்ததோ, அவ்வளவு வேலையை 1957இலும் செய்தது. மாறியது பொறியன்று, அதனிடம் கேட்கப்பட்ட வேலை. ஃபெரான்டி நிறுவனத்தின் மெர்க்குரி என்னும் விரைவுக் கணிப்பொறி 1958இல் ஹார்வெலுக்கு வந்து சேர்ந்தது. இம்முடிவில் குறை காண்பதற்கு இடமில்லை. அங்குக் கணக்குப் பிரிவை நடத்திய ஜாக் ஹவ்லெட் என்பாரே பிற்காலத்தில், அந்நிலையத்தின் அண்மையில் அமைந்த அட்லஸ் கணிப்பொறி ஆய்வகத்தின் இயக்குநராகி, அந்நாளின் மாபெரும் பொறிகளுள் ஒன்றை ஆண்டவர். புதுமையை வெறுத்தோர் எவரும் அங்கு இல்லை.

இந்த இடத்தில்தான் ஹார்வெல் நிலையத்தார் பலரினும் ஒருபடி மேலாகச் சிந்தித்தனர். புதிய பொறி நமக்குத் தேவையா என்பது ஒரு கேள்வி. பழைய பொறிக்கு இனி எவரிடத்தும் வேலை இல்லையா என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பெரும்பாலோர் செய்யும் பிழை. முதற் கேள்விக்கு 'ஆம்' என்று விடை வந்தவுடன், இரண்டாவது கேள்வியைக் கேளாமலே பழையதைக் குப்பையில் சேர்த்துவிடுகின்றனர். அல்லது, பழையதன்மேல் கொண்ட பற்றினால் முதற் கேள்வியைக் கேட்கவே அஞ்சுகின்றனர். ஹார்வெலில் இரண்டு கேள்விகளும் தனித்தனியே கேட்கப்பட்டன. இரண்டுக்கும் தனித்தனியே விடை காணப்பட்டது.

ஆக்ஸ்ஃபோர்டு கணிதவியல் நிலையம் ஒரு போட்டியை அறிவித்தது. இப்பொறியைப் பெற்றால் அதனை எவ்வாறு பயன்படுத்துவோம் என்று சிறந்த முறையில் எடுத்துரைக்கும் கல்லூரிக்கு அது வழங்கப்படும் என்பதே அறிவிப்பு. உல்வர்ஹாம்ப்டன் நகரின் தொழில்நுட்பக் கல்லூரி அப்போட்டியில் வென்றது. பொறி அங்குக் கொண்டு செல்லப்பட்டு, 'விட்ச்' என்னும் புதுப்பெயரையும் பெற்றது. ஹார்வெலிலிருந்து வந்த, உல்வர்ஹாம்ப்டன் நகரின் கணிப்பொறிக் கல்விக் கருவி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர் அது. அச்சொல்லுக்குச் சூனியக்காரி என்றும் பொருள் உண்டு. இரவு பகலாய் ஒளிப்புள்ளிகள் ஓடும் பொறிக்கு அப்பெயர் பொருந்தாமலும் இல்லை.

கணிப்பொறியைத் தம் கண்ணால் கண்டவரே அரிதாயிருந்த காலம் அது. பெரும் பல்கலைக்கழகங்கள், அரசு நிலையங்கள் போன்ற பெரிய அமைப்புகளே அதனை வைத்திருந்தன. அவற்றிலும் மாணவன் பொறியின் அருகே சென்று தொட்டுப் பார்த்தல் எளிதன்று. தொழில் நகரம் ஒன்றின் கல்லூரி மாணவர்க்கு அத்தகைய வாய்ப்பை நல்கியது, பிறர் மெதுவானது என்று ஒதுக்கிய இந்தப் பொறியேயாகும். ஹார்வெலில் குறையாக இருந்தது இங்கு நிறையாயிற்று. விரைவான பொறியினுள் எண்கள் ஓடுவதை எவரும் காண முடியாது. இதிலோ ஒளிப்புள்ளி ஒவ்வோர் இடமாய் நகர்வதைக் கண்ணால் காணலாம். ரிலேக்கள் திறந்து மூடும் ஓசையைக் காதால் கேட்கலாம். கூட்டல் எப்படி நிகழ்கிறது, பெருக்கல் எப்படிக் கூட்டலின் தொடராய் அமைகிறது என்பனவற்றை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதினும் தெளிவாக அது காட்டியது. ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட ஆண்டுகள் ஆறே. கல்விக்குப் பயன்பட்ட ஆண்டுகளோ பதினாறு. 1973இல் அது பணியிலிருந்து விடுபட்டபோது, உலகில் நெடுநாள் உழைத்த கணிப்பொறி என்று கின்னஸ் நூல் அதனைக் குறித்தது.

இதற்கு எதிர்நிலையாக அமைந்தது கேம்பிரிட்ஜில் நிகழ்ந்தது. எட்சாக் சிறு பொறியன்று. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அறிஞர்களும் தம் ஆய்வுக் கணக்குகளை அதனிடம் ஒப்படைத்ததுண்டு. புரதத்தின் அமைப்பை ஆராய்ந்த ஜான் கென்ட்ரூ அவர்களுள் ஒருவர். அதனினும் பன்மடங்கு விரைவான எட்சாக் 2 உருவானதும், 1958ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் முதற் பொறி நிறுத்தப்பட்டது. அது பிரிக்கப்பட்டது; பகுதிகள் பழைய இரும்புக் கணக்கிலே போயின. வில்க்ஸ் குழுவினர் புதிய பொறியைத் தேர்ந்ததில் தவறேதும் இல்லை. அவர்கள் வருங்காலத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்தவர்கள். எனினும், இரண்டாவது கேள்வி அங்குக் கேட்கப்படவில்லை என்பதை மறைக்க இயலாது.

ஹார்வெல் பொறியின் பிற்கால வாழ்வு முழுவதும் நற்பேறாக அமைந்துவிடவில்லை. 1973க்குப் பின் அது பர்மிங்காம் நகர அறிவியல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 1997இல் அந்த அருங்காட்சியகம் மூடப்படவே, பொறி பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டுக் கிடங்கினுள் புகுந்தது. பழைய சாமான்களுக்கிடையே கிடந்த அதன் இயக்குப் பலகையை, நிழற்படம் ஒன்றில் தற்செயலாகக் கண்ட ஆர்வலர் ஒருவர் இனங்கண்டுகொண்டார். 2009இல் அது பிளெட்ச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணிப்பொறி அருங்காட்சியகத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டது. தொண்டர்கள் மூன்றாண்டுகள் உழைத்துத் தூசி தட்டி, துரு நீக்கி, கம்பிகளைச் சீர்படுத்தினர். 2012ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் அது மீண்டும் இயங்கியது. அதனை அமைத்த மூவருள் குக்-யார்பரோ, பார்ன்ஸ் இருவரும் முதியவராய் அங்கு வந்திருந்தனர். இளமையில் தம் கையால் பூட்டிய குழாய்களில் ஒளிப்புள்ளி மறுபடியும் நகர்வதை அவர்கள் கண்டனர். தொடக்கநிலையில் இருந்தவாறே இயங்கும் மின்னியல் கணிப்பொறிகளுள் உலகிலேயே மூத்தது என்னும் சிறப்பு அதற்குரியதாயிற்று.

அதே அருங்காட்சியகத்தில்தான் எட்சாக் பொறிக்குப் படிமம் அமைக்கும் பணி 2011இல் தொடங்கப்பட்டது. மூலப்பொறியின் உறுப்புகளில் எஞ்சியவை மிகச் சில. முழுமையான வரைபடங்களும் இல்லை. பழைய நிழற்படங்களை உற்று நோக்கி, எந்தக் குழாய் எங்கிருந்தது, எந்தக் கம்பி எதனோடு சேர்ந்தது என்று ஊகித்து, ஓரிடம் ஓரிடமாய் அதனை எழுப்ப வேண்டியதாயிற்று. ஒருகாலத்தில் வேகத்தால் முன்னே சென்ற பொறிக்குப் படிமம். பின்தங்கிய பொறியோ தன் உடலோடும் உயிரோடும் நிற்கிறது. ஒரே கூரையின்கீழ் அமைந்த இக்காட்சிக்கு விளக்கவுரை தேவையில்லை.

இதனைக் கொண்டு, பழையன யாவும் போற்றத்தக்கன என்று முடிவு கட்டுதல் தகாது. ஹார்வெல் நிலையம் அம்மெதுவான பொறியையே கட்டிக்கொண்டு அழுதிருந்தால், அதன் ஆராய்ச்சி அன்றே நின்றிருக்கும். பழம்பொருளைக் காத்தற்கு இடம் வேண்டும், மின்சாரம் வேண்டும், பழுது பார்க்கத் தெரிந்த கைகள் வேண்டும். இவை இல்லாதவிடத்து வெறும் பற்று மட்டும் எதனையும் காப்பாற்றாது. உல்வர்ஹாம்ப்டன் கல்லூரி அதனைக் கேட்டுப் பெற்றது. பெற்றபின் நாள்தோறும் வேலை கொடுத்தது. அதனாலேயே அது வாழ்ந்தது.

ஒரு கணிப்பொறியின் வயதை அதன் ஆண்டுக் கணக்கு காட்டுவதில்லை. வேகக் கணக்கும் முழுமையாகக் காட்டுவதில்லை. அதனிடம் எவ்வேலை கேட்கப்படுகிறது என்பதே அதனைப் பழையதாக்குகிறது அல்லது புதியதாக்குகிறது. விலகிச் சென்றவர்க்கு 1957இல் முதுமை எய்திய பொறி, வரவேற்றவர்க்கு அன்றுதான் பிறந்தது. புதியதை வாங்கும் கை பழையதைக் கீழே வைப்பதற்குமுன், அதனை ஏந்திக்கொள்ள வேறொரு கை எங்கேனும் காத்திருக்கிறதா என்று ஒருகணம் நோக்குதல் நலம். ஹார்வெலில் அவ்வாறு ஒருகணம் நோக்கினார்கள். அதன் பயன் அரை நூற்றாண்டிற்கும் அப்பால் இன்னும் ஒளிர்கிறது.