கல்லின் வன்மையைக் கண்டறிந்த வரலாறு

“வைரம் பாய்ந்த கட்டை” என்று நம் முதியோர் சொல்வதுண்டு. முதிர்ந்த மரத்தின் உட்காழுக்கும், மணிகளுள் வன்மை மிக்கதற்கும் தமிழில் ஒரே சொல் வழங்குகின்றது. ஆயின், வன்மை என்பது யாது? அடிக்கு உடையாமையா? கீறலுக்கு இடங்கொடாமையா? இவ்விரண்டையும் பிரித்தறிய மனிதனுக்கு நெடுங்காலஞ் சென்றது.

கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, மெய்யான வைரத்தை அடைகல்லில் வைத்து அடித்தால் சம்மட்டியே சிதறும் என்று எழுதினார். இது பெரும் பிழை. வைரத்தினுள்ளே பிளவுத் தளங்கள் உள. அவற்றின் வழியே அடி விழுந்தால் வைரமும் பிளந்துவிடும். இச்சோதனையை நம்பியவன் போலியைக் கண்டுபிடிக்கமாட்டான். கையிலிருந்த நன்மணியையே இழப்பான்.

நேரான வழியை வகுத்தவர் யேர்மனியிலே 1773இல் பிறந்த பிரெடெரிக் மோஸ். பிறைபேர்க் சுரங்கக் கல்லூரியில் வேர்ணர் என்னும் பேராசிரியரிடம் பயின்ற இவர், 1812இல் ஒஸ்திரியாவின் கிறாஸ் நகரிலே பேராசிரியரானார். எது எதைக் கீறும் என்ற ஒரே வினாவைக் கொண்டு பத்துக் கனிப்பொருள்களை அவர் வரிசைப்படுத்தினார். அவை: 1 தல்க்கு, 2 ஜிப்சம், 3 கல்சைற்று, 4 புளோரைற்று, 5 அப்பதைற்று, 6 ஓதோகிளேசு, 7 குவார்ட்சு, 8 தோப்பாசு, 9 குருந்தம், 10 வைரம். ஒன்பதாவதை மேனாட்டார் ‘கொறண்டம்’ என்பர். அப்பெயர் நமது குருந்தம் என்னும் சொல்லிலிருந்து பிறந்ததே. இரத்தினபுரியிற் கிடைக்கும் நீலமும் மாணிக்கமும் இவ்வினத்தனவே.

சோதனை எளிது. தெரியாத கல்லின் மீது தெரிந்த கல்லின் முனையை அழுத்தி இழுக்க வேண்டும். பின்னர் விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். அழிந்தால் அது வெறுந்தூள்; நின்றால் அதுவே கீறல். விரல் நகத்தின் வன்மை ஏறக்குறைய 2.5, சாளரக் கண்ணாடியினது 5.5. கண்ணாடியைக் கீறாத ‘நீலம்’ நீலமன்று. ஆயினும் பட்டை தீட்டிய மணிமீது எவரும் இச்சோதனையைச் செய்யலாகாது. கீறல் விழுந்தபின் அதை மாற்ற வழியில்லை.

இவ்வெண்கள் வரிசையைக் காட்டுவனவன்றி அளவைக் காட்டுவனவல்ல. வைரம் குருந்தத்திலும் ஒரு படியே மேலெனினும், கருவிகொண்டு அளந்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு வன்மையுடையது. இக்குறையை நீக்கவே, வைரமுனையால் அழுத்திப் பள்ளத்தை அளக்கும் நூப் முறை 1939இல் அமெரிக்காவிலே தோன்றியது. எனினும் மோசின் வரிசை இன்றும் மாணவர் கையில் இருக்கின்றது.

இன்னுமொரு புதுமை கேளுங்கள். நம் நாட்டுப் போகலைச் சுரங்கத்தில் அகழப்படும் காரீயம் விரல் நகத்துக்கே தோற்கும். அதுவும் காபன், வைரமும் காபனே. அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்த முறைதான் வேறு. இளைஞர்களே, ஒன்றைச் சோதிக்குமுன் அதில் எதைச் சோதிக்கின்றோம் என்று தெளிதல் வேண்டும். சம்மட்டி எடுத்தவர்கள் செய்யத் தவறியது அதுவே.