குவிம்பியும் அவரைச் சூழ்ந்த அன்பர்களும்

குரு உயிரோடிருக்கும்போது அவரைச் சூழ்ந்தோர் ஒருமனப்பட்டிருத்தல் எளிது. அவர் மறைந்தபின் அவ்வொற்றுமை நிலைக்கிறதா என்பதே பெரிய சோதனை. இதற்குச் சான்றாக, அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள மெயின் மாநிலத்திலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த வரலாறொன்றை இளைஞர் அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

பினியஸ் குவிம்பி என்பவர் 1802 இற் பிறந்தார். பெல்பாஸ்ற் என்னும் சிற்றூரில் மணிக்கூடு செய்து பிழைத்தவர், பள்ளிப் படிப்பு மிகக் குறைவு, வைத்தியம் கற்றவருமல்லர். இளமையில் சயரோகம் பற்றியதென்று தாமே நம்பி வாடியிருந்தார். ஒருநாள் குதிரை வண்டியை விரைவாக ஓட்டிய எழுச்சியில் உடலிற் புதுப்பலம் ஊறக் கண்டார். அந்த வியப்பு அவர் மனத்தை விட்டகலவில்லை.

1838 இல் அவ்வூருக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் மனோவசிய வித்தையை விளக்கிக் காட்டினார். குவிம்பி அதனைப் பயின்று, லூசியஸ் பேர்க்மார் என்னும் இளைஞனை வசிய நித்திரையில் ஆழ்த்தி, நோயாளரின் நோயையும் அதற்கு மருந்தையும் அவன் வாயாற் சொல்விப்பார். காலப்போக்கில் ஒன்றை நுணுகி நோக்கினார். அவ்விளைஞன் கூறியவை பெரும்பாலும் நோயாளரின் உள்ளத்தில் முன்னரே இருந்த எண்ணங்களே. விலையுயர்ந்த மருந்துக்குப் பதிலாக மலிவான மருந்தைக் கொடுத்தாலும் குணம் உண்டாயிற்று. 'குணப்படுத்தியது மருந்தன்று, நம்பிக்கையே' எனத் துணிந்து வசியத்தைக் கைவிட்டார். பின்னர் நோயாளரருகே அமர்ந்து, அவர் கொண்ட அச்சத்தையும் தவறான எண்ணத்தையும் எடுத்து விளக்குவதே அவர் வைத்தியமாயிற்று.

1859 இற் போட்லந்து நகரில் அவர் இடம் அமைத்தபின், குணமடைந்தோர் சிலர் அவரைப் பிரியாது சூழ்ந்தனர். யூலியஸ் டிறெஸர் என்னும் இளைஞர் 1860 இல் வந்தார். அங்கே நோய் தீர வந்த அனெற்றா சீபரியை 1863 இல் மணந்தார். நீதிபதி ஒருவரின் புதல்வியரான எம்மா வெயர், சேரா வெயர் என்போர் குவிம்பியின் குறிப்புகளைப் படியெடுத்துச் செப்பனிட்டனர். 1862 ஒக்ரோபரில் மேரி பற்றர்சன் என்னும் மாது நடக்கவும் இயலாத நிலையில் வந்தார். ஒரு வாரத்துள் நகர மண்டபக் கோபுரத்தின் 182 படிகளையும் ஏறியதாகத் தாமே பத்திரிகைக்கு எழுதினார். 1863 இல் வாரன் எவன்ஸ் என்னும் போதகரும் வந்து சேர்ந்தார். மாலை வேளைகளில் இவர்கள் கூடி, குறிப்புகளைக் கைமாற்றி வாசித்து அளவளாவினர். அந்நாளில் அவை எவருக்கும் தனியுடைமையாகத் தோன்றவில்லை.

1866 சனவரி 16 ஆந் திகதி குவிம்பி வயிற்றுக் கட்டியினாற் காலமானார். மனத்தால் நோய் தீரும் என்றவரையும் உடல்நோய் கொண்டுபோயிற்று. இதனை நினைவிற் கொள்ளல் நன்று. மனவுறுதி வைத்தியனுக்குத் துணையாகலாம், அவனுக்குப் பதிலாகாது. டிறெஸர் தம்பதியருக்கு அதற்கு முந்திய நாளிலேதான் ஹொறேஷியோ என்னும் மகன் பிறந்திருந்தான்.

மேரி அம்மையார் இரங்கற்பா எழுதினார். சில வாரங்களில் பனியில் வழுக்கி வீழ்ந்து நொந்தபோது, குருவின் இடத்தை ஏற்று உதவுமாறு டிறெஸருக்குக் கடிதம் வரைந்தார். அவர் இயலாதென மறுத்தார். அதன்பின் ஒவ்வொருவரும் தத்தம் வழியிற் சென்றனர். எவன்ஸ் 1869 இல் மனவைத்தியம் பற்றி நூல் வெளியிட்டார். எடி அம்மையார் எனப் பின்னர் பெயர் பெற்ற மேரி 1875 இற் பெருநூல் ஒன்றை வெளியிட்டு, 1879 இற் கிறிஸ்தவ விஞ்ஞானத் திருச்சபையை நிறுவினார். அவ்வுண்மை 1866 இல் தமக்கே வெளிப்பட்டதென்றார். டிறெஸர் தம்பதியரோ அது குவிம்பியிடமிருந்து வந்ததென்று பகிரங்கமாக வாதிட்டனர். அம்மையாரின் கொள்கையும் குவிம்பியின் கொள்கையும் முற்றும் ஒன்றல்ல என்பதும் உண்மையே. சடப்பொருளையே இல்லதென்றார் அம்மையார். குவிம்பி அவ்வளவு தூரம் செல்லவுமில்லை, சபை அமைக்கவுமில்லை.

வழக்கைத் தீர்க்கவல்ல கையெழுத்துப் பிரதிகள் குவிம்பியின் மகன் ஜோர்ஜிடம் பூட்டிக் கிடந்தன. 1883 இல் நூலுரிமை வழக்கொன்றில் அவற்றைக் காட்டவேண்டிய தேவை எழுந்தது. ஜோர்ஜ் கொடுக்கவில்லை, தீர்ப்பு அம்மையார் பக்கமாயிற்று. அவை அச்சேறியது 1921 இலேதான். பதிப்பித்தவர், குவிம்பி மறைவதற்கு முந்திய நாளிற் பிறந்த அதே ஹொறேஷியோ. அதற்குள் யூலியஸ் டிறெஸர், எவன்ஸ், எடி அம்மையார், ஜோர்ஜ் எல்லோரும் மறைந்துவிட்டனர்.

இக்கருத்துகளின் அலை நம்மவர் வரலாற்றையும் தொட்டது. 1894 கோடையிற் சுவாமி விவேகானந்தர் அதே மெயின் மாநிலத்துக் கிறீன் ஏக்கரில் தங்கி, மனவைத்தியக் கூட்டத்தினரோடு பழகி, பைன் மரநிழலில் வேதாந்தம் போதித்தார். அடுத்த மூன்றாம் ஆண்டில், 1897 சனவரியில், அவரே கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணமும் வந்தார்.

அன்பர்களே, ஒரே குருவின் அருகிருந்து பெற்றதை ஒரு பெட்டியில் அடைத்ததனால் நண்பர்கள் வழக்காளிகளாயினர். நமது சங்கத்திலும் பெரியோர் சொற்கள், கூட்டக் குறிப்புகள், கடிதங்கள் பல உள. அறிந்தோர் உயிரோடிருக்கும்போதே அவற்றைப் படியெடுப்போம். எவரிடம் எதைப் பெற்றோம் என்பதைப் பெயர் சுட்டி எழுதிவைப்போம். நன்றியுணர்வுக்கு இதனினும் உறுதியான காவல் வேறில்லை.