மஞ்சாங்குல் குகையும் கோமுனோரும் மலைப்பாதையும்

மஞ்சாங்குல் தென் கொரியாவின் ஜேஜு தீவில், வடகிழக்குப் பகுதியில் உள்ள எரிமலைக்குழம்புக் குகை. நீளம் ஏறத்தாழ 7.4 கி.மீ. கோமுனோரும் என்ற 456 மீ. உயரக் குன்றிலிருந்து கிளம்பிய குழம்பு 13–14 கி.மீ. ஓடிக் கடலோரம் சேர்ந்தபோது வழியில் விட்டுச்சென்ற குகைகளுள் இது ஒன்று. 2007இல் இக்குகைத்தொடர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. குகையை மட்டும் பார்த்துத் திரும்புவோரே மிகுதி. ஆனால் முதலில் குன்றில் நடந்து, குழம்பு புறப்பட்ட வாயைக் கண்டபின் குகைக்குள் இறங்கினால்தான் அதன் முழுக்கதையும் விளங்கும்.

குன்றின் எரிமலைவாய் குதிரைலாட வடிவில் வடகிழக்கே திறந்து கிடக்கிறது. குழம்பு அந்தப் பக்கம்தான் உடைத்துக்கொண்டு ஓடியது. முன்பதிவு செய்தவர்கள் வழிகாட்டியுடன் நடக்கலாம். பாதையோரம் பாறைக்குவியல்மேல் வேரூன்றி நிற்கிறது கொச்சாவல் எனப்படும் காடு. மண் மிகக் குறைவு. வேர்கள் கற்களைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. பாறை இடுக்குகளில் உள்ள காற்றுத்துளைகளின் அருகே கோடையிலும் குளிர்காற்று காலில் படும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை குடைந்த சுரங்கங்களும் பழைய கரிச்சூளையின் எச்சமும் இதே வழியில் உள்ளன.

ஓடும் குழம்பின் மேற்பரப்பு முதலில் ஆறி, காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் இறுகுகிறது. அந்தக் கூரை வெப்பத்தைத் தக்கவைப்பதால் உள்ளே குழம்பு இளகியபடியே நெடுந்தூரம் ஓடுகிறது. வரத்து குறைந்து வடிந்ததும் எஞ்சுவது குகை. மஞ்சாங்குல் சுவர்களில் கிடைக்கோடுகளாகத் தெரிபவை, குழம்பின் மட்டம் படிப்படியாக இறங்கிய தடங்கள். சில இடங்களில் குகை இரண்டு அடுக்காக இருக்கிறது. மேலடுக்குத் தரையில் விழுந்த ஓட்டை வழியே குழம்பு கீழே கொட்டி உறைந்ததுதான் இங்குள்ள 7.6 மீ. உயரத் தூண்.

குகை வெளியுலகுக்குத் தெரியவந்த கதையில் பெருமை பள்ளிப்பிள்ளைகளுக்கே உரியது. 1946இல் கிம்நியோங் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பூ ஜோங்-ஹியூ, சுமார் 30 மாணவர்களை அழைத்துக்கொண்டு, தீப்பந்த வெளிச்சத்தில் உள்ளே போனார். பிள்ளைகளின் காலில் வைக்கோல் செருப்பு. பந்தம் பிடிக்க ஒரு குழு, அளந்து குறிக்க ஒரு குழு என வேலையைப் பிரித்துக்கொண்டு, அடுத்தடுத்த பயணங்களில் குகையின் மறுமுனைவரை சென்றார்கள். மஞ்சாங்குல் என்று பெயரிட்டவரும் பூ ஜோங்-ஹியூதான்.

குகை திறந்திருக்கும் காலங்களில் பொதுமக்களுக்கென ஒதுக்கப்படுவது இரண்டாம் வாயிலிலிருந்து தூண்வரையான சுமார் 1 கி.மீ. மட்டுமே, வந்த வழியே திரும்ப வேண்டும். தரை கரடுமுரடாகவும் ஈரமாகவும் இருப்பதால் பிடிமானமுள்ள காலணியும், உள்ளே குளிர்வதால் மேலங்கியும் தேவை. கூட்டம் கூட்டமாக வௌவால்கள் வாழும் குகை இது. இதே குகைத்தொடரிலுள்ள யோங்சொன் குகை 2005இல் மின்கம்பம் நடக் குழி தோண்டியபோது தற்செயலாக வெளிப்பட்டது. மேலே படிந்துள்ள சிப்பிமணலிலிருந்து மழைநீர் கரைத்து இறக்கிய சுண்ணாம்பு, அதன் கரும்பாறையில் வெண்ணிறத் தொங்கூசிகளாக வளர்ந்திருக்கிறது. அதற்குள் ஆய்வாளர்களுக்கு மட்டுமே அனுமதி. தொட்டாலே ஒடியும் படிவுகளுக்கு இந்தத் தடை அவசியமானது.