நாற்காலி நுனியும் சூலூர்க்காரரும்

ஆனைமலையின் தென்னந்தோப்புகளும் ஆழியாற்றுக் கரையும் தமிழ்ப்பட ரசிகர்களுக்கு நெடுநாள் பழக்கம். 'தேவர் மகன்' (1992), 'எஜமான்' (1993) என்று பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்துக்குப் படப்பிடிப்புக் குழுக்கள் வந்துகொண்டே இருந்தன. ஆனால் 'தேவர் மகன்' பேசியது தென்மாவட்டத் தமிழ். கொங்கு மண் கண்ணுக்குத் தெரிந்த அளவுக்குக் கொங்குப் பேச்சு காதில் விழவில்லை.

இத்தனைக்கும் கோவை, சினிமாவின் பழைய வீடு. 1905இல் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் இந்த ஊர்க்காரர்தான். 1914இல் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டியவரும் அவரே. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் நிறுவனம் எடுத்த 'ராஜகுமாரி' (1947) எம்.ஜி.ஆரை முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கியது. வசனத்தில் கலைஞர் பங்கெடுத்தார். நாயகனின் தோழனாக எம்.என். நம்பியார் சிரிக்க வைத்தார். அன்றைய திரைத்தமிழ் மேடைத்தமிழ். படம் பிடித்த ஊரின் பேச்சு ஸ்டுடியோ வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

அதை உள்ளே அழைத்து வந்தவர்கள் நடுநாயகர்கள் அல்லர், பக்கத்தில் நின்றவர்கள். ஒருவர் உடுமலைப் பக்கத்து வல்லகுண்டபுரத்தில் பிறந்த கவுண்டமணி. இன்னொருவர் சூலூர் மணிவண்ணன்.

மணிவண்ணன் எழுத்து வழியாக வந்தவர். பாரதிராஜாவின் 'நிழல்கள்' (1980) படத்துக்குக் கதை, வசனம் எழுதினார். 'கோபுரங்கள் சாய்வதில்லை' (1982) மூலம் இயக்குநரானார். 1984இல் 'நூறாவது நாள்', '24 மணி நேரம்' இரண்டிலும் சத்யராஜை மிரட்டும் வில்லனாக்கினார். 1988இல் 'கொடி பறக்குது' படத்தில் ரஜினிகாந்துக்கு எதிரே இவரே வில்லனாக நின்றார். குணச்சித்திர வேடங்கள் பிறகு தேடி வந்தன.

'அமைதிப்படை' (1994) அவரே இயக்கிய படம். கோயில் வாசலில் தேங்காய் பொறுக்கும் அமாவாசையைத் தேர்தலில் நிறுத்தி, நாகராஜசோழனாக ஆக்கிவிடும் அரசியல்வாதி வேடம் அவருக்கு. வாக்கு எண்ணும் நாள் காட்சியை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ரசிக்கிறார்கள். முதலில் நாற்காலி நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் அமாவாசையான சத்யராஜ், முன்னிலை கூடக்கூட முதுகை நிமிர்த்துகிறார். நகர்ந்து நகர்ந்து நன்றாகச் சாய்ந்துகொள்கிறார். பணிவு அவர் உடம்பைவிட்டுக் கழன்று போகிறது. அவ்வளவையும் பக்கத்திலிருந்து பார்த்து உள்ளுக்குள் அதிரும் மணிவண்ணன் முகம் இல்லையென்றால் அந்தக் காட்சிக்குப் பாதி உயிர் இல்லை. தன் ஆள் தன் கையைவிட்டுப் போவதை நாம் அந்த முகத்தில்தான் படிக்கிறோம்.

கொங்குப் பேச்சில் மரியாதை 'ங்க'வில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் இழுத்தால் அன்பு, சட்டென்று நறுக்கினால் குத்தல். மணிவண்ணனின் வேகமான, மூச்சுவிடாத பேச்சில் இரண்டும் கலந்திருந்தன.

'அவ்வை சண்முகி'யில் (1996) மாமியிடம் மனதைப் பறிகொடுக்கும் முதலியார். 'உள்ளத்தை அள்ளித்தா'வில் இரட்டை வேடம். 1999ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலே அவர் வீச்சு புரியும். 'படையப்பா'வில் சொத்தைப் பிரித்துக் கேட்கும் சித்தப்பா, 'முதல்வன்' படத்தில் கோட்டை அறிந்த உதவியாளர், 'சங்கமம்' படத்தில் நாட்டுப்புறக் கலைஞர். சிரிக்க வைத்த அதே மனிதர், 'சங்கமம்' படத்தில் ஆடிக் களைத்த கலைஞனின் மானத்தைத் தோளில் சுமந்தார்.

நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த மணிவண்ணன் இயக்கிய ஐம்பதாவது படம் 'நாகராஜசோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' 2013 மே மாதம் வெளியானது. மீண்டும் சத்யராஜ், மீண்டும் பக்கத்தில் மணிவண்ணன். இந்த முறை கதை காட்டுக்குள் போனது. பழங்குடிகளை வெளியேற்றத் துடிக்கும் அதிகாரத்தைப் பற்றியது. காடர்களும் மலசர்களும் வாழும் ஆனைமலை அடிவாரத்துக்காரர்களுக்கு அது தொலைதூரக் கதை அல்ல. படம் வந்த மறுமாதம், ஜூன் 15 அன்று மணிவண்ணன் காலமானார்.